நீலம் ஏறிய தண்ணீர்

சனிக்கிழமை காலை, சோதனைக் குழாயில் நீலம் போன வாரத்தைவிட ஏறியிருந்தது. துஷாங்கா குழாயை ஜன்னலருகே கொண்டுபோய், பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து, வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். நீலம் அப்படியே இருந்தது. பாஸ்பேட் 0.4. உப்புநீர் மீன்தொட்டியில் பவளம் நிறத்தோடு இருக்க வேண்டுமானால் இதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கலாம். நைட்ரேட் குழாயில் மெல்லிய ரோஜா நிறம் இருக்க வேண்டிய இடத்தில் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் போல ஒன்று நின்றது. இரண்டு எண்களையும் சமையலறைச் சுவரில் தொங்கும் தேவாலய நாட்காட்டியில், அன்றைய புனிதரின் பெயருக்கு இடப்பக்கம் எழுதினாள். வலப்பக்கம் கணவன் போரிவோயின் ரத்தத்துக்கானது. அதிலும் பாஸ்பேட்தான். மாதத்துக்கு ஒருமுறை டயாலிசிஸ் பிரிவில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்வார்கள். அந்தப் பக்கத்தில் வசந்தகாலத்திலிருந்து எண்கள் ஒழுங்காக இறங்கிக்கொண்டு வந்தன. 2.3, 1.9, 1.4, 1.1. இடப்பக்கம் எதிர்த்திசையில் ஏறிக்கொண்டிருந்தது.

“எவ்வளவு?” என்று சோபாவிலிருந்து போரிவோய் கேட்டான்.

“கேக்காத.”

“நீ கேக்காதன்னா நிறைய இருக்குன்னு அர்த்தம்.”

“ஆமா, நிறைய. உன் மீனுங்க ராத்திரி எந்திரிச்சு எங்கயோ போய் விருந்து சாப்பிட்டு வருதுங்க போல.”

அவன் சிரித்தான். சிரித்த பிறகு மூச்சு வாங்கினான்.

தொட்டி அவன் கட்டியது. நோவி ஸாட் நகரத்து அடுக்குமாடிகளில் இருபத்தேழு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவன். நானூறு லிட்டர் கண்ணாடிப் பெட்டியை நான்காவது மாடிக்கு அந்தக் கட்டடத்தின் லிஃப்டிலேயே, அதன் உள்சுவரைக் கழற்றிவிட்டு ஏற்றியவன். சிறுநீரகங்கள் இரண்டும் நின்றுபோன பிறகு, டயாலிசிஸ் ஊசிக்காக இடது கையில் ரத்தக்குழாயை இணைத்துத் தைத்துவிட்டார்கள். அந்தக் கையால் பளு தூக்கக்கூடாது. அன்றிலிருந்து வாளிகள் துஷாங்காவுடையவை. சனிக்கிழமைதோறும் வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கரைத்து, அறுபது லிட்டர் பழைய தண்ணீரை உறிஞ்சி எடுத்து, அறுபது லிட்டர் புதியதை ஊற்றினாள். நுரை பிரிக்கும் கருவியின் கோப்பையில் சேர்ந்த கறுப்புச் சாற்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு கழிப்பறையில் கொட்டினாள். “எனக்கும் வடிகட்டின தண்ணி, இதுக்கும் வடிகட்டின தண்ணி. ஒரே வித்தியாசம், மீனுக்கு ஊசி குத்த மாட்டாங்க” என்று அவன் சொல்வான். முதல் தடவை அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இத்தனைக்குப் பிறகும் மணலில் பழுப்புப் பாசி படர்ந்தது. பின்கண்ணாடியில் பச்சை முடி போல ஒன்று வளர்ந்தது. ஆறு வருடம் ஊதா நிறத்தில் கிளைவிட்டிருந்த பவளம் காய்ந்த புகையிலை நிறத்துக்கு வந்துவிட்டது. மீன்கடை கேஸாவை வரச் சொன்னாள். கேஸா ஹங்கேரியன்; கடல்மீனும் பவளமும் விற்பவன்; போரிவோயை இன்னமும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவான். தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து மணலையும் பவளத்தையும் பார்த்தான்.

“என்ன தீனி போடுறீங்க?”

“ரெண்டு நாளைக்கு ஒருதடவ ஒரு கட்டி. நீங்க குடுத்ததுதான். அதையும் வடிகட்டியில கழுவிட்டுப் போடுறேன்.”

“அப்ப இவ்வளவு வராதே. பாஸ்பேட் வானத்துலேருந்து கொட்டாது, துஷாங்கா. உள்ள போனாத்தான் உள்ள இருக்கும். எதுவோ போகுது.” அவன் எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். “பாஸ்பேட்ட உறிஞ்சுற இரும்புத் துகள் பையை மாத்துங்க. நைட்ரேட்டுக்கு தினம் நாலு மில்லி வோட்கா ஊத்துங்க. நல்ல கிருமி பெருகி அதைத் தின்னுரும்.”

“வோட்கா இல்ல. என் மச்சினன் காய்ச்சுன பிளம் சாராயம் இருக்கு.”

“ஐயோ, அதை ஊத்திடாதீங்க. நாளைக்கு மீனுங்க கட்டிப்பிடிச்சுக்கிட்டுப் பாட்டுப் பாடும், பக்கத்து வீட்டுக்காரன் போலீசக் கூப்பிடுவான். என்ன மேஸ்திரி?”

போரிவோய் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். “எனக்கென்ன தெரியும், அவதான் இப்ப மேஸ்திரி” என்றான்.

வோட்கா வாங்கினாள். ஊசிக்குழலில் அளந்து ஊற்றினாள். துகள் பை மாற்றினாள். வேலைக்குப் போகும் நாட்களில் நாலேகாலுக்கு எழுந்து அவனுக்கு மதியச் சாப்பாடு சமைத்தாள். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த பட்டியல் அவளுக்கு மனப்பாடம். பாலாடைக்கட்டி கூடாது, தொத்திறைச்சி கூடாது, பீன்ஸ் கூடாது, கொட்டைகள் கூடாது, கசகசா கூடவே கூடாது. உருளைக்கிழங்கை இரண்டு தண்ணீரில் வேகவைத்துக் கொட்டினாள். மீன் துண்டைத் தராசில் நிறுத்தாள். வெள்ளைச் சோறு, முட்டையின் வெள்ளைக்கரு, தட்டின் ஓரத்தில் பாஸ்பேட்டைப் பிடித்து வெளியேற்றும் மாத்திரை. எல்லாவற்றையும் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் மூடிவைத்துவிட்டு ஆறரைக்குத் தபால் நிலையத்துக்குக் கிளம்பினாள். திரும்பி வரும்போது தட்டு காலியாக இருக்கும். சனி ஞாயிறுகளில் வாளியும் குழாயுமாக அவள் நடந்துகொண்டிருப்பாள். அப்போதும் கண்ணில் படுவது காலித் தட்டுதான். காலித் தட்டு அவளுக்கு ஒரு சின்ன ஓய்வைப் போல இருந்தது. எங்கோ ஒரு காரியமாவது சரியாக நடக்கிறது. குப்பைக்கூடையையும் அவள் பார்ப்பாள். சந்தேகத்தினால் அல்ல, பழக்கத்தினால். அதில் எதுவும் இருந்ததில்லை. உணவைக் குப்பையில் போடுகிற வீட்டில் அவன் பிறக்கவுமில்லை. ரொட்டித் துண்டு கீழே விழுந்தால் எடுத்து முத்தமிட்டு வைக்கிறவன்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் பிரிவு டாக்டர் யாஸ்னா அவளை மட்டும் வரச் சொல்லியிருந்தார். அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். நடைபாதையில் காத்திருந்தபோது, பாராட்டுவதற்காக இருக்கலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. வசந்தகாலத்தில் இதே நடைபாதையில்தான், பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தாவிட்டால் மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் வைத்திருப்பது கஷ்டம் என்று சொல்லியிருந்தார்கள்.

“இந்த மாசம் 0.7” என்றார் டாக்டர்.

“குறைஞ்சிருக்கு” என்றாள் துஷாங்கா. குரலில் பெருமை வந்துவிட்டது அவளுக்கே கேட்டது.

“ரொம்பக் குறைஞ்சிருக்கு. அதான் கூப்பிட்டேன். ரத்தத்துல புரதமும் விழுந்துருச்சு. வீட்டுத் தராசுல எடை அவ்வளவா தெரிஞ்சிருக்காது. சதை போன இடத்துல தண்ணி நிக்குது. மூணு மாசத்துல ஒன்பது கிலோ சதை போயிருக்கு. அவர் சாப்பிடுறதில்ல.”

“சாப்பிடுறாரு டாக்டர். நானே நிறுத்து வைக்கிறேன். தட்டுல ஒரு பருக்கை மிச்சம் இருக்காது.”

டாக்டர் அவளைப் பார்த்த பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அம்மா, சாப்பிடுற ஆளுக்கு இந்த மாத்திரை மட்டும் இவ்வளவு செய்யாது. பட்டினி கிடந்தாத்தான் இந்த நம்பர் வரும். இப்படியே போனா நான் பட்டியல்லேருந்து பேரை எடுத்தாகணும். ஆபரேஷன் மேசையில தாங்க மாட்டார். இப்போதைக்கு அந்தச் சாப்பாட்டுப் பட்டியல், கட்டுப்பாடு எல்லாத்தையும் மறங்க. என்ன கேக்குறாரோ குடுங்க. மாத்திரைய கூடவே குடுங்க. ஆனா சாப்பிடணும்.”

பேருந்தில் உட்கார இடம் இருந்தது. அவள் நின்றுகொண்டே வந்தாள்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. மோட்டார்களின் இரைச்சலில் சாவிச் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. போரிவோய் தொட்டிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். மூடியை ஒரு சாண் அளவு நகர்த்தியிருந்தான். இடது கையில் தட்டு. வலது கைவிரல்களால் மீன் துண்டைப் பிய்த்து, முள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, முள்ளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சதையைத் தண்ணீரில் விட்டான். மஞ்சள் மீன் அவன் விரலிலிருந்தே வாங்கிக்கொண்டது. வெள்ளைக்கருவை நகத்தால் கிள்ளிப் போட்டான். பிறகு சோற்றை முள்கரண்டியால் பாறைக்குப் பின்பக்கம், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினான். அவசரமே இல்லாமல் செய்தான். பழகிய வேலை.

அவள் கைப்பையைத் தரையில் வைத்தாள். அவன் திரும்பினான்.

நான்கு மாதம் வாளி சுமந்த தோள், வோட்கா அளந்த ஊசிக்குழல், நாலேகால் மணி அலாரம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அவளுக்குள் வந்து அடுக்கிக்கொண்டன. கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். கத்துவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. கோட்டுகூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எத்தன நாளா?”

“ஜூன்லேருந்து.” தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றான். “முதல்ல பாதி. அப்புறம்...”

“ஏன் சொல்லல?”

“என்னன்னு சொல்ல? எது வாயில வச்சாலும் ஆணிய சப்புற மாதிரி இருக்கு, துஷ்கா. ரெண்டு வாய் உள்ள போனா குமட்டுது. நீ விடியக்காலம் எந்திரிச்சு நிறுத்து நிறுத்துச் சமைக்கிற. காலித் தட்டப் பாத்தா உன் மூஞ்சி கொஞ்சம் தெளியுது. அத எப்படிக் கெடுக்க? குப்பையில போட கை வரல.”

“அதனால என்னைய தண்ணி தூக்க விட்ட.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “தூக்குறப்பல்லாம் பாத்தேன்” என்றான். “நீ நம்பர எழுதுறப்ப, ரெண்டு பக்கத்தையும் பாத்து, ஒருநாள் கண்டுபிடிச்சிருவன்னு நெனச்சேன். கண்டுபிடிச்சா நல்லதுன்னும் நெனச்சேன்.”

அவளுக்கு அழுகை வரவில்லை. நாட்காட்டியைப் பற்றி நினைத்தாள். தினமும் அதன் முன்னால்தான் நின்று காபி குடிக்கிறாள். ஒரு பக்கம் ஏறுவதும் ஒரு பக்கம் இறங்குவதும் ஒரே சாப்பாடு.

“பட்டியல்லேருந்து பேரை எடுத்துருவாங்களாம்” என்றாள். “நீ சாப்பிடலைன்னா. நேராவே சொல்லிட்டாங்க.”

தொட்டிக்குள் மீன்கள் இன்னும் வருமென்று கண்ணாடியோரம் கூடி நின்றன. போரிவோய் மூடியை இழுத்துச் சரியாக மூடினான்.

“என்ன குடுத்தா சாப்பிடுவ? நல்லா யோசிச்சுச் சொல்லு. குளிர்பெட்டிப் பட்டியல விடு.”

அவன் ரொம்ப நேரம் யோசித்தான். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தும் எழுந்து நிற்கக் கூச்சப்படுகிற பையனைப் போல அவன் காதுகள் சிவந்தன.

“சொன்னா திட்டுவ.”

“சொல்லித் தொலை.”

“கசகசா நூடுல்ஸ்” என்றான். “சர்க்கரை நிறையப் போட்டு.”

பட்டியலின் கடைசி வரி. அவளே இரண்டு முறை அடிக்கோடிட்ட வரி. துஷாங்கா எழுந்தாள். கழற்றாத கோட்டோடு நான்கு மாடி இறங்கி, முனைக்கடையில் அரைத்த கசகசா ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, நான்கு மாடி ஏறினாள். லிஃப்ட் அன்றைக்கும் பழுதாகி நின்றிருந்தது. நூடுல்ஸை வேகவைத்து வடித்து, வெண்ணெயில் புரட்டி, கசகசாவையும் சர்க்கரையையும் அள்ளிப் போட்டாள். எதையும் நிறுக்கவில்லை. சமையலறையின் சின்ன மடக்குமேசையைப் பிரித்தாள். “இங்க வந்து உக்காரு” என்று கூப்பிட்டாள். அங்கே இருவர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும்.

அவன் வந்து உட்கார்ந்தான். மாத்திரையை மென்றான். தட்டைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

“நீ இப்படி மொறச்சுப் பாத்தா எப்படி எறங்கும்?”

“நான் பாக்கல” என்று அவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். கீழே எதிர்க்கட்டட வாசலில் ஒரு பெண் கம்பளத்தைக் கம்பியில் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். தூசி எழுந்து வெயிலில் நின்றது. பின்னால் முள்கரண்டி பீங்கானில் உரசும் சத்தம் கேட்டது. ஒரு முறை. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு முறை. மெல்லும் சத்தம், விழுங்கும் சத்தம். மூன்றாவது முறை. பிறகு சத்தம் நின்றது. கம்பளம் அடிப்பவள் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டாள். துஷாங்கா இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, திரும்பாமல், காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.