எட்டு அங்குலத்தில் வெட்டுப்பட்ட வரி

அவள் மேசையில் ஒரு டேப்லெட்கூடக் கிடையாது. ஆனாலும் தினமும் பதினோரு டேப்லெட்களில் செயலியை ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் கணினித் திரைக்குள் எமுலேட்டர் உண்டாக்கிக் காட்டும் போலி டேப்லெட்கள். ஏழு அங்குலம், எட்டு அங்குலம், பத்து அங்குலம். ஒவ்வொன்றும் நிமிர்த்தினால் ஒரு மாதிரி, படுக்க வைத்தால் ஒரு மாதிரி. ஒன்று கண் விழிக்கவே நாலு நிமிடம் ஆகும். இரண்டைச் சேர்த்துத் திறந்துவிட்டால் கணினியின் விசிறி மாவு மில் போல இரையும். பக்கத்து மேசைக்காரர் எழுந்து போய்விடுவார்.

அலுவலகத்தில் அவளுக்கு ‘நொட்டை’ என்று பெயர். எதை எடுத்தாலும் நொட்டை சொல்கிறாள் என்று யாரோ வைத்தது. நொட்டை கண்டுபிடிக்கத்தானே என்னை வேலைக்கு எடுத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். அதையும் நொட்டைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் செய்துகொண்டிருந்த செயலி மருத்துவமனைச் சமையலறைகளுக்கானது. எந்தப் படுக்கைக்கு என்ன சாப்பாடு, எது ஆகாது என்று வார்டில் இருக்கும் நர்ஸ் பதிந்துவிட்டால், சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் டேப்லெட்டில் அது வரிசையாக வந்து நிற்கும். அதுவரை துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாதிச் சீட்டு நனைந்து போகும், மீதி காணாமல் போகும். முதலில் ஓட்டிப் பார்க்க ஒப்புக்கொண்ட மருத்துவமனையில் தலைமைச் சமையல்காரி அவளுடைய சொந்த அக்கா. அக்கா சொல்லித்தான் அந்த நிர்வாகமே இவர்கள் பக்கம் திரும்பியது.

வெள்ளோட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, எட்டு அங்குலத் திரையை நிமிர்த்தி வைத்துப் பார்த்தபோதுதான் அவள் அதைக் கண்டாள். படுக்கை எண்ணுக்குக் கீழே வரும் குறிப்பு ஒரே வரியில் அடங்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அடங்காவிட்டால் மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடும். ‘சூப்பில் பால் சேர்க்க வேண்டாம்’ என்று அவள் பதிந்தது, ‘சூப்பில் பால் சேர்க்க…’ என்று நின்றது.

உடனே பிழைக் குறிப்பு எழுதினாள். படம் இணைத்தாள். செயலியை எழுதிய டெவலப்பர் பத்து நிமிடத்தில் இது பிழையே இல்லை என்று அதை மூடினான். புள்ளியைத் தொட்டால் முழுக் குறிப்பும் விரியும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறோம் என்று பதில். அவள் அதை மறுபடி திறந்தாள். கை முழுக்க ஈரமும் எண்ணெயுமாக நிற்கிற சமையல்காரர் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாரா என்று கேட்டு எழுதினாள். அவன் மூடினான். என்னிடம் சரியாக வருகிறது என்று ஒரு படம் அனுப்பினான். அந்தப் படத்தில் குறிப்பு ஆங்கிலத்தில் ‘நோ மில்க்’ என்று இருந்தது.

அவள் எழுந்து அவன் மேசைக்கே போனாள்.

“ஆங்கிலத்துல ‘வேண்டாம்’ங்கறது முதல்லயே வந்துடுது. வால வெட்டினாலும் தலை இருக்கும். நம்மது அப்படி இல்ல. ‘வேண்டாம்’ கடைசியிலதான் வரும். நீங்க வெட்டறது அதைத்தான்.”

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, எட்டு அங்குலம் நாம் பார்க்க வேண்டிய டேப்லெட்களின் பட்டியலில் இருக்கிறதா என்று மேலாளரிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னான்.

மேலாளரிடம் போனாள். அவர் பட்டியலைத் திறந்து காட்டினார். மருத்துவமனை வாங்கியிருப்பது பத்து அங்குல டேப்லெட், அதையும் சுவரில் படுக்கவாட்டில்தான் மாட்டியிருக்கிறார்கள். பத்து அங்குலத்தில் வரி வெட்டுப்படுகிறதா? படவில்லை. அவளே ‘சரி’ என்று குறித்திருந்தாள். “அங்க இல்லாத டேப்லெட்டுக்காக ஏன் மேடம் மல்லுக்கட்டறீங்க?” என்றார் அவர். குரலில் கோபமில்லை, அலுப்புதான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகும் இரண்டு முறை திறந்தாள். இரண்டு முறையும் அவன் மூடினான். வாராந்திரக் கூட்டத்தில் அந்தப் பிழைக் குறிப்பின் எண்ணை யாராவது சொன்னாலே சிரிப்பு வந்தது. கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எமுலேட்டர் மூன்றாவது முறையாகப் பாதியில் உறைந்து போனது. அவளுக்கு எல்லாமே வெறுத்துவிட்டது. எப்படியோ போய்த் தொலையட்டும் என்று அவளே அந்தக் குறிப்பைத் திறந்து, ‘பட்டியலில் இல்லாத அளவு, ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று எழுதி, தன் கையாலேயே மூடினாள். டெவலப்பர் அதற்குக் கட்டைவிரல் படம் ஒன்று போட்டான்.

வெள்ளோட்டம் தொடங்கிய நாலாம் நாள் காலை பதினொரு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். வேலை நேரத்தில் அக்கா கூப்பிடவே மாட்டாள்.

“சின்னு, உங்க ஆப் எல்லாத்தையும் எல்லாத்துலயும் சேர்க்கச் சொல்லுது.”

என்ன ஆயிற்று என்று கேட்டாள். பதினாலாம் படுக்கைக்காரர் பால் ஒத்துக்கொள்ளாமல் மூச்சுத் திணறி வந்து சேர்ந்தவர். அவருக்குப் போகிற சூப்பில் புதிதாகச் சேர்ந்த சமையல் உதவியாளர் பாலை ஊற்றிக் கலக்கியிருக்கிறார். திரையில் அப்படித்தான் போட்டிருந்தது என்று காட்டவும் செய்திருக்கிறார். தட்டு வண்டியில் ஏறி லிப்ட் வரைக்கும் போய்விட்டது. சூப்பின் நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு அக்காதான் ஓடிப்போய் எடுத்திருக்கிறாள்.

“நான் அந்தப் பக்கம் பார்க்கலேன்னா என்ன ஆகியிருக்கும்? இதைப் பார்க்கறதுதானே உன் வேலை?”

வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழி நெடுக ஒன்று மட்டும் விளங்கவில்லை. அங்கே இருப்பது பத்து அங்குலம். பத்து அங்குலத்தில் வெட்டுப்படாது. அவளே பார்த்திருக்கிறாள்.

சமையலறை நிலவறையில் இருந்தது. ஈரத் தரை, ஆள் உயரத்துக்கு எஃகுத் தட்டு வண்டிகள், வாசல் வரைக்கும் வெங்காயமும் சலவைச் சோடாவும் கலந்த வாடை. டேப்லெட் சுவரில் படுக்கவாட்டில்தான் மாட்டியிருந்தது. ஆனால் அதன் திரை நடுவில் கோடு கிழித்தது போல இரண்டாகப் பிரிந்திருந்தது. வலது பாதியில் நாலு அடுப்புக்கும் நாலு கடிகாரங்கள் இறங்குமுகமாக ஓடிக்கொண்டிருந்தன. இடது பாதியில், ஒடுங்கிப்போய், அவர்கள் செயலி. அகலத்தைக் கண்ணாலேயே அளந்தாள். நிமிர்த்திப் பிடித்த எட்டு அங்குலத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது.

யார் இப்படிப் பிரித்தது என்று கேட்டாள். நான்தான் என்றாள் அக்கா. அடுப்பில் நேரம் பார்க்க வேண்டாமா, அதற்கு இன்னொரு டேப்லெட்டா வாங்கித் தருவார்கள்? செய்யக்கூடாது என்று யாராவது சொன்னார்களா?

யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. புதிய உதவியாளர் ஓரமாக நின்று உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். கண் சிவந்திருந்தது. தப்பு உங்களுடையது இல்லை என்று அவரிடம் சொன்னாள். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அக்கா அதற்குள் பழையபடி துண்டுச் சீட்டுக்குத் திரும்பியிருந்தாள். இவள் திரையைப் படம் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பினாள். வந்ததும் எமுலேட்டரில் பத்து அங்குலத்தைத் திறந்து, திரையை இரண்டாகப் பிரித்து, அன்று காலை வார்டிலிருந்து வந்த குறிப்புகளையே பதிந்தாள். டெவலப்பரையும் மேலாளரையும் கூப்பிட்டாள். டெவலப்பர் பார்த்த உடனேயே, திரையைப் பிரித்து வைத்துக்கொண்டால் அதற்கு நாம் பொறுப்பில்லை என்று ஆரம்பித்தான். அவள் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

“உட்காருங்க. நீங்கதான் சமையல்காரர். தட்டு கிளம்ப அஞ்சு நிமிஷம் இருக்கு. என்ன போட்டிருக்குன்னு சத்தமா வாசிங்க.”

அவன் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தான். “ஒன்பதாம் படுக்கை, குழம்பில் உப்பு சேர்க்க. பதினொண்ணு, காலையில் முட்டை கொடுக்க. பதினாலு, சூப்பில் பால் சேர்க்க.” பதினேழாவதுக்கு வரும்போது குரல் இறங்கிவிட்டது. “ஆபரேஷன், தண்ணீர் கொடுக்க.” அதற்கு மேல் வாசிக்கவில்லை.

பதினாலாம் படுக்கைத் தட்டு லிப்ட் வரைக்கும் போன கதையை அப்போதுதான் அவள் சொன்னாள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டெவலப்பர் எழுந்து தன் இடத்துக்குப் போனான். ஒரு வரிக்குள் அடக்கு என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டுக் குறிப்பை எத்தனை வரி வந்தாலும் முழுசாகக் காட்டும்படி மாற்றினான். நாற்பது நிமிட வேலை. அந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான் மூன்று வாரம் மூடியும் திறந்தும் சண்டை போட்டிருந்தார்கள். அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தாமல் பதினோரு போலி டேப்லெட்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பாதியாகவும் கால்வாசியாகவும் பிரித்து, மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். சாயங்காலம் ஐந்தரைக்குப் புதுப் பதிப்பு சமையலறைக்குப் போனது.

மறுநாள் கூட்டத்தில் மேலாளர், இந்தப் பிழைக் குறிப்பைக் கடைசியில் மூடியது யார் என்று அதன் பழைய பதிவுகளைப் பார்த்துக் கேட்டார். நான்தான் என்றாள். டெவலப்பர் குனிந்துகொண்டே, அதற்கு முன் நாலு தடவை மூடியது நான் என்றான். மேலாளர் எதையோ எழுதிக்கொண்டார். பட்டியலில் இல்லாதது என்று சொன்னவர் யார் என்பதை யாரும் சொல்லவில்லை. மேலாளரின் முகத்தைப் பார்த்தால், சொல்லத் தேவையில்லை என்றே அவளுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா துவைத்த உறைகளைத் தலையணைகளுக்கு மாட்டிக்கொண்டிருந்தாள். இவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். முன்னாலேயே பார்த்திருந்ததை, சண்டை போட்டதை, கடைசியில் அலுத்துப்போய்த் தானே மூடியதை.

அக்கா கையை நிறுத்தினாள். “தெரிஞ்சே மூடினியா?”

“ஆமா.”

அக்கா இரண்டு தலையணைக்கு உறை மாட்டி முடித்தாள். பிறகு, பதினாலாம் படுக்கைக்காரர் நேற்று வீட்டுக்குப் போய்விட்டார் என்றும், போகும்போது சமையலறைக்கு நன்றி சொல்லி அனுப்பினார் என்றும், அவருக்கு இது எதுவுமே தெரியாது என்றும் சொன்னாள்.

“எனக்கு உன் மேல கோவம்தான், சின்னு. இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்,” என்றாள். “சாப்பிட்டுட்டுப் போ.”

இவள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.