பார்க்காத குத்துச்சண்டைக்கு ஒரு பில்

அந்த வீட்டில் டிவி பில்லை யாரும் பிரித்துப் பார்ப்பது கிடையாது. தொகை என்றைக்கும் ஒன்றுதான். வந்த உறையை அப்படியே தையல் மிஷின் டிராயருக்குள் போட்டுவிட்டு, நூல் வாங்கப் போகிறபோது கட்டிவிட்டு வந்துவிடுவாள் தையலக்கா. தெருவுக்கே அவள் தையலக்காதான். கிழிந்த பள்ளிச் சீருடை, நீளம் குறைக்க வேண்டிய பேன்ட், யார் வீட்டு ஜன்னல் திரைச்சீலையோ என்று முன்னறை முழுக்கத் துணியாகக் கிடக்கும்.

அந்த மாதம் உறைக்குள் வழக்கமான ஒரு தாளுக்குப் பதில் இரண்டு தாள் இருந்தது. தடவிப் பார்த்தபோதே அவளுக்குச் சுருக்கென்றது. துணியைத் தொட்டே எத்தனை மடிப்பு என்று சொல்கிறவள் அல்லவா. பிரித்தாள். சந்தாவுக்குக் கீழே ‘சிறப்பு நிகழ்ச்சிகள்’ என்று தலைப்புப் போட்டு ஏழு வரி. நான்கு குத்துச்சண்டை, ஒரு மல்யுத்தம், ஒரு கார்ப் பந்தயம், கடைசியாகக் கடலுக்கடியில் போகிற வாத்தைப் பற்றி ஒரு பொம்மைப் படம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். எல்லாம் சேர்த்தால் நாலு மாதச் சந்தா.

வாத்தை அவள் கண்டுகொள்ளவில்லை. குத்துச்சண்டை என்ற எழுத்தைப் பார்த்ததுமே மனசு நேரே தம்பியிடம் போய் நின்றுவிட்டது.

தம்பி டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாற்பது தாண்டிய தனிக்கட்டை. வாரத்தில் ஆறு நாள், பிரேக் எது ஆக்ஸிலரேட்டர் எது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, டிவி முன்னால் காலை நீட்டிக்கொண்டு, இரண்டு பேர் அடித்துக்கொள்வதைப் பார்ப்பான். “வாரம் பூரா நான் யாரையும் ஒரு வார்த்தை திட்டக்கூடாதுக்கா. அதான் எனக்காக இவனுங்க அடிச்சுக்கறானுங்க” என்பான்.

பெற்றவர்கள் போன பிறகு அவனை வளர்த்தவள் அவள். அந்த உரிமையில், அவன் சாப்பிட்டு முடிக்கும்வரைகூடப் பொறுக்காமல் கேட்டுவிட்டாள்.

“ஏண்டா, காசு கட்டிப் பாக்கறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமில்ல?”

“எதை?”

“நாலு குத்துச்சண்டை. பில்லுல போட்டிருக்கான்.”

“நான் பாக்கறதெல்லாம் ஓசியில வர்ற பழைய சண்டைக்கா. எவன் எத்தனாவது ரவுண்டுல விழுவான்னு எனக்கு மனப்பாடம்.”

“அப்ப பில்லு பொய் சொல்லுதா?”

“பில்லு எங்க பொய் சொல்லும். தம்பிதான் சொல்லுவான்.”

எழுந்து போய்த் தன் தட்டைத் தானே கழுவி வைத்தான். பிறந்ததிலிருந்து தட்டைக் கழுவாதவன் கழுவி வைத்ததுதான் அவளைச் சுட்டது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “யாருன்னு கண்டுபிடிச்சுட்டுக் கூப்பிடு. அது வரைக்கும் எனக்கு ஓட்டல் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் மூன்று பேருக்குச் சமைத்து, இரண்டு பேருக்குப் பரிமாறினாள்.

இத்தனைக்கும் அவள் வீட்டுக்காரர் அங்கேதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பதினொரு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். உள்ளே நுழைகிறவர்கள் எண்ணைச் சொன்னால் போதும், இவர் விரல் அழுத்தும். ஒருத்தரைக்கூடத் தப்பான மாடியில் இறக்கிவிட்டதில்லை. பிறகு அங்கே தானாக ஓடும் லிஃப்டைப் போட்டார்கள். இவருக்கு மாலை போட்டு ஒரு பாராட்டுப் பத்திரமும் கொடுத்தார்கள். ‘முப்பத்தாறு ஆண்டுகள், ஒரு தவறுமில்லை’ என்று எழுதிய அந்தப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. வேலை போன அன்றைக்கு ஒடுங்கிய மனிதர்தான். சுவரைப் பார்க்கிறபோது மட்டும் அவருக்குக் கொஞ்சம் முதுகு நிமிரும்.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் அவருக்கு டிவி வேண்டும். அவள் போட்டுவிட்டு மிஷினுக்குப் போய்விடுவாள். போட்டதும் முதலில் வருவது டிவி இணைப்புக் கொடுத்த கம்பெனியின் சொந்த சேனல். அன்றைய தினம் எங்கே என்ன காட்டுவார்கள், எதற்கு என்ன கட்டணம் என்று ஒரு பெண் குரல் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். இவர் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு, பாதி கண்ணை மூடிக் கிடப்பார்.

“வேற ஏதாவது மாத்திப் பாருங்களேன்” என்பாள்.

“தேவையில்லாம பட்டன் அழுத்தறது எனக்குப் பிடிக்காது” என்பார்.

மூன்றாவது ஞாயிறும் தம்பி வராமல் போகவே, மறுநாள் கம்பெனிக்குப் போன் போட்டாள். கால் மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

“வணக்கம் மேடம். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்தறோம்.”

“சிரமம் என்னன்னு நான் இன்னும் சொல்லவே இல்லியேம்மா.”

“முன்கூட்டியே வருந்தறோம் மேடம்.”

விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் எதையோ தட்டிப் பார்த்தாள். “ஏழு ஆர்டருமே உங்க வீட்டு ரிமோட்லேருந்துதான் வந்திருக்கு மேடம். எல்லாம் வாரநாள். மத்தியானம் ரெண்டுலேருந்து நாலுக்குள்ள.”

“அந்த நேரத்துல வீட்ல நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டும்தான்.”

“அப்ப உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் மேடம்.”

“எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷமாச்சும்மா. காசு குடுத்துச் சண்டை பாக்கற நிலைமையில நாங்க இல்ல.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்து, இருமலாக மாறியது. “நேர்ல ஆபீஸ்ல வந்து எழுதிக் குடுங்க மேடம்” என்றது குரல்.

உடனே தம்பிக்குப் போட்டாள். பின்னால் யாரோ கியரை நறநறவென்று மாற்றும் சத்தம் கேட்டது.

“நீ இல்லடா. மத்தியானத்துல நடந்திருக்காம்.”

“அப்ப யாரு?”

“அதான் தெரியல.”

“தெரியலன்னா நாளைக்கு உன் கத்திரிக்கோல் காணாம போனாலும் என் பையைத்தான் தேடுவ. யாருன்னு சொல்லு, வரேன். கிளட்ச்சை மிதிங்க சார், கிளட்ச்சை.” வைத்துவிட்டான்.

‘உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்’ என்று கம்பெனிக்காரி சொன்னதை வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“என்னைப் பாத்தா தப்பு பட்டன் அழுத்தறவன் மாதிரியா இருக்கு?”

“அவ உங்களை எங்கங்க பாத்தா?”

“பாக்கட்டும். நானே வரேன்.”

சுவரிலிருந்து பாராட்டுப் பத்திரத்தைக் கழற்றித் துடைத்து, ஒரு துண்டில் சுற்றி, துணிப்பையில் வைத்துக்கொண்டார். சலவைச் சட்டை போட்டார். வேலைக்குப் போன காலத்து நடை திரும்பி வந்துவிட்டது. இந்த மனுஷன் இப்படி நடந்து எத்தனை நாளாச்சு என்று அவள் பின்னாலேயே போனாள்.

கம்பெனி அலுவலகம் ஒரு உயரமான கட்டடத்தின் எட்டாவது மாடியில் இருந்தது. லிஃப்டுக்குள் நுழைந்ததும் அவர் யாரும் சொல்லாமலேயே பட்டன்கள் இருக்கும் மூலையில் போய் நின்றுகொண்டு எட்டை அழுத்தினார். கூடவே ஃபைலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் ஏறினாள். “மூணு” என்றாள். அழுத்தினார். பிறகு போனில் பேசிக்கொண்டே ஒரு தடித்த மனிதர் ஏறினார். கதவு மூடிக்கொண்டது.

“நான் சொல்றேன் கேளு,” என்று வீட்டுக்காரர் மனைவி பக்கம் திரும்பிக்கொண்டார். “முப்பத்தாறு வருஷத்துல எத்தனை லட்சம் தடவை அழுத்திருப்பேன். ஒண்ணு தப்பிருக்குமா?”

“அவன் ஒம்பதுன்னான்,” என்று போன்காரர் போனுக்குள் சொன்னார். “நான் ஆறுன்னேன். கடைசியில ஏழுக்கு முடிச்சுட்டோம்.”

தையலக்காவின் பார்வை தற்செயலாகக் கணவரின் கைமேல் விழுந்தது. அவர் முகம் அவளைப் பார்த்தபடி முப்பத்தாறு வருஷத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. விரல் மட்டும் தன் பாட்டுக்குப் போய் ஒன்பதை அழுத்தியது. ஆறை அழுத்தியது. ஏழை அழுத்தியது. தொட்டதும் தெரியாமல், எடுத்ததும் தெரியாமல், அத்தனை பதவிசாக.

மூன்றில் அந்தப் பெண் இறங்கிப் போனாள். ஆறில் கதவு திறந்தது. யாரும் அசையவில்லை.

“ஆறு” என்றார் இவர் மரியாதையாக. “ஆறு கேட்டது யாரு?”

யாரும் கேட்கவில்லை. கதவு மூடியது. ஏழில் திறந்தது.

“ஏழு. ஏழுக்கு யாரு?”

போன்காரர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு இவரை மேலும் கீழும் பார்த்தார். கதவு மூடியதும் இவர் மனைவியின் காதருகே குனிந்தார். “பாத்தியா. இந்தக் காலத்து ஆளுங்களுக்கு எங்க இறங்கணும்னே தெரியல. கேக்க வேண்டியது, அப்புறம் மரம் மாதிரி நிக்க வேண்டியது.”

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மத்தியான நேரத்தில் அந்த சேனலில் பேசுகிற பெண் குரல் காதில் ஒலித்தது. ‘இன்றிரவு நடக்கும் இந்தப் போட்டியைக் காண, பச்சை பட்டனை அழுத்தி, பிறகு நான்கை அழுத்தவும்.’ பாதித் தூக்கத்தில், கையில் ரிமோட்டோடு, இந்த மனுஷன். யார் அழுத்தியது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தம்பியை வரவழைக்க இனி ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால், துண்டில் சுற்றி வைத்திருக்கிற கண்ணாடிச் சட்டத்தை அவர் திரும்பச் சுவரில் மாட்டமாட்டார்.

எட்டாவது மாடி கவுன்ட்டரில், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து, கண்ணாடியைச் சட்டைக் கையால் ஒரு தரம் துடைத்து, அவர் முன்னால் நிறுத்தினார்.

“படிங்க.”

கவுன்ட்டரம்மா படித்தார். “ரொம்ப சந்தோஷங்க. டிவி பில்லுக்கும் இதுக்கும் என்னங்க?”

“எங்க வீட்ல யாரும் எதையும் அழுத்தல. உங்க பெட்டிதான் கோளாறு.”

“அப்படின்னா ஒண்ணு செய்யலாம். எங்க டெக்னீஷியனை அனுப்பறேன். நாலஞ்சு நாளைக்கு மத்தியானத்துல உங்க ஹால்லயே உக்காந்து, பெட்டி தானா ஆர்டர் போடுதா, ஆள் போடறாங்களான்னு பாத்துடுவார். பெட்டின்னா பணம் வாபஸ்.”

“தாராளமா வரட்டும்” என்றார் இவர், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

தையலக்காவுக்கு ஒரு நொடி அந்தக் காட்சி கண்ணில் ஓடியது. நோட்டும் பேனாவுமாக ஒருத்தன் உட்கார்ந்திருக்க, அவன் எதிரில் அந்த விரல்.

“வேண்டாங்க. நான்தான் அழுத்தினேன்.”

வீட்டுக்காரர் திரும்பினார். “நீயா?”

“தைக்கறப்ப ரிமோட்டு துணிக்கு அடியில மாட்டிக்கும். கை பட்டிருக்கும்.”

“ஏழு தடவையுமா?” என்றார் கவுன்ட்டரம்மா.

“ஏழு தடவையும்.”

“பச்சை, அப்புறம் எண்ணு. அதே வரிசையில?”

“நான் எதையும் வரிசையாத்தாங்க செய்வேன்.”

கவுன்ட்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருவரையும் பார்த்தார். அதே சமயம் மேலே ஒலிபெருக்கியில், “டோக்கன் எண் ஐந்து” என்று அறிவித்தார்கள். வீட்டுக்காரரின் விரல் கவுன்ட்டர் மேசையில் ஒரு தட்டுத் தட்டியது. கவுன்ட்டரம்மா அந்த விரலைப் பார்த்தார். பிறகு தையலக்காவைப் பார்த்தார்.

“முதல் தடவை ஆகிற கைத்தவறுக்குப் பாதி தள்ளுபடி உண்டு,” என்று ஒரு படிவத்தை இழுத்தார் அவர். “இனிமே ரகசிய எண் போட்டாத்தான் ஆர்டர் போகும். நாலு இலக்கம் சொல்லுங்க. இல்ல, வேணாம். வாயால சொல்லாதீங்க, எழுதிக் குடுங்க.”

வீடு திரும்பும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் பத்திரப் பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். “மொதல்லயே சொல்லிருக்கலாம். நான் திட்டவா போறேன்? பட்டன்னா பொறுமை வேணும். சொல்லித் தரேன்.”

“சரிங்க.”

அவர் பத்திரத்தை மாட்ட ஆணியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் சமையலறைக்குள் போய்த் தம்பிக்குப் போன் போட்டாள்.

“நான்தாண்டா. தெரியாம கை பட்டுடுச்சு.”

தம்பி பக்கத்தில் யாரையோ வண்டியை ஓரங்கட்டச் சொன்னான். பிறகு, “அக்கா, உனக்கு அந்தப் பச்சை பட்டன் ரிமோட்ல எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லு” என்றான்.

அவளுக்குத் தெரியவில்லை. அவள் ரிமோட்டைத் தொட்டே வருஷமாகிறது. டிவியைப் பெட்டியில் இருக்கிற சுவிட்சால்தான் போடுவாள்.

“மாமாவா?” என்றான் மெதுவாக.

ஹாலிலிருந்து ஆணி அடிக்கும் சத்தம் போனுக்குள்ளும் கேட்டிருக்கும்.

“சரி,” என்றான் தம்பி. “ஞாயித்துக்கிழமை வரேன். ஆனா செய்யாத தப்புக்கு மூணு வாரம் ஓட்டல்ல தின்னிருக்கேன். மாமா எதிர்லயே உன்னைத் திட்டுவேன். வாங்கிக்கணும்.”

“வாங்கிக்கறேன். வா.”

சொன்னபடி வந்தான். இரண்டு முறை சோறு போட்டுக்கொண்ட பிறகுதான் ஆரம்பித்தான். பெரிய மனுஷி என்றான், கண்ணு எங்கே இருந்தது என்றான், தம்பி மேல பழி போடறதுக்கு முன்னாடி சொந்தக் கையைப் பார்க்க வேண்டாமா என்றான். மூன்று வாரமாக மனப்பாடம் செய்ததுபோல அருவியாகக் கொட்டியது. தையலக்கா தலையைக் குனிந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பார்ப்பவர்களுக்கு அழுவதுபோலத்தான் இருந்திருக்கும்.

வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. சாப்பிட்ட கையோடு நடுவில் புகுந்தார்.

“விடுங்க மாப்ள. அவ பாவம். எல்லாரும் என்னை மாதிரி இருந்துட முடியுமா?”

தம்பிக்குப் புரையேறிவிட்டது. அக்கா அவன் தலையில் தட்டினாள், கொஞ்சம் பலமாகவே.