சந்திரமதியின் கால்

சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டில் மக்கிய இலைகளை அள்ளிச் சாக்கில் கட்டி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவருவது சேதுபதியின் வேலை. அந்த இலைகளில் முளைக்கும் பூசணத்தைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்துப் பார்ப்பது ஹார்ட்லி துரையின் வேலை. 1958-இல் ஒருநாள், சீழ்க் கிருமி பரவிய தட்டொன்றில் ஒரு சாம்பல்நிறப் பூசணத்தைச் சுற்றி மட்டும் வட்டமாகத் தெளிந்து கிடந்தது. அதை முதலில் பார்த்தவன், தட்டுக் கழுவப்போன சேதுபதிதான்.

"இந்தப் பூசணம் ஒரு சாற்றைக் கக்குது. அதிலதான் கிருமி சாகுது. பென்சிலினுக்கே அடங்காத கிருமி, கண்டியோ!" என்றார் துரையின் உதவியாளர் பசுபதி. யாழ்ப்பாணத்துக்காரர்.

அந்தப் பேச்சு சேதுபதியின் மனதில் தைத்துவிட்டது. வீட்டில் அவன் மனைவி சந்திரமதிக்குத் தகரம் கிழித்த கால் நான்கு மாதமாய்ப் புண்ணாகியே இருந்தது. பென்சிலின் ஊசி எத்தனையோ போட்டாயிற்று, ஆறவில்லை.

சோதனை முடிந்ததும் மிச்சச் சாற்றைக் காய்ச்சிச் சாக்கடையில் ஊற்றவேண்டும். அதைச் செய்யப்போன சேதுபதி, காய்ச்சுமுன் ஒரு சின்னப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டான். துணியை நனைத்துத் தினமும் கட்டினான். ஆறாம் நாள் நாற்றம் நின்றது. பன்னிரண்டாம் நாள் ஓரங்களில் புதுச்சதை ஏறியது. சந்தோஷம் தாங்காமல் அவனே துரையிடம் போய்ச் சொன்னான்.

துரை கோபிக்கவில்லை. அன்றே பஃபலோ ரோட்டில் சேதுபதி குடியிருந்த அறைக்கு வந்து, புண்ணை அளந்து, நாலைந்து படம் எடுத்துக்கொண்டார். சந்திரமதி காப்பி ஆற்றிக் கொடுத்தாள். மறுநாள் காலை சேதுபதிக்கு வேலை போயிற்று. ஆய்வுக்கூடத்துப் பொருளைத் திருடியது குற்றமாம்.

"வேலை போனா போவட்டும் துரை. இன்னும் ஒரு பாட்டில் மட்டும் குடுங்க. புண்ணு முழுசா மூடல."

துரை தலைநிமிராமல் ஏதோ சொன்னார். "சோதிக்காத மருந்தை மனுசருக்குக் குடுக்க ஏலாதாம்," என்றார் பசுபதி.

"நேத்து படம் எடுத்தது மனுசக் காலு இல்லையா? கேளுங்க சார்."

பசுபதி அதை மொழிபெயர்க்கவில்லை.

மூன்றே வாரத்தில் புண் மறுபடி சீழ்வைத்து எலும்பைப் பிடித்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சேதுபதி துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான்.

மறுவருஷம் துரை ஊருக்குக் கப்பலேறிய பிறகு, பசுபதி ஓர் ஆங்கிலச் சஞ்சிகையோடு வந்தார். கண்டுபிடிப்பு துரையின் பெயரில் இருந்தது. பக்கத்தின் நடுவே சந்திரமதியின் கால். கீழே 'பன்னிரண்டாம் நாள், புண் ஆறுகிறது' என்று போட்டிருந்தது.

சந்திரமதி படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "அந்தக் காலை வெட்டி எடுத்தாச்சுன்னு இதைப் போட்டவங்களுக்கு எழுதுங்க சார்," என்றாள்.

பசுபதி அன்றைக்கு மறுக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதினார். பதில் வர மூன்று மாதமாயிற்று. சேதுபதி பெயருக்கு, பஃபலோ ரோட்டு அறைக்கே வந்தது. பசுபதி இரண்டு தடவை படித்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"சஞ்சிகைக்காரர் துரையைக் கேட்டவையாம். நோயாளி பிறகு எங்க போனவ எண்டு தெரியேல்லையாம். அதால கட்டுரையில ஒண்டும் மாத்தேலாதாம்."

"என்னவாம்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் சந்திரமதி.

சேதுபதி கடிதத்தை மடித்தான். "உன்னைத் தேடுறாங்களாம்," என்றான்.