கதவு ரப்பர்

...ஏறவில்லை, அரைக் கோடு கூட ஏறவில்லை, காற்றடிக்கும் மோட்டாரைப் போட்டுப் பார்த்தாயிற்று, மோட்டார்தான் கிழடாகிவிட்டதோ என்று கையாலும் சுற்றியாயிற்று, நிமிடத்துக்கு நாற்பது சுற்று, மூன்று நிமிடம், காற்று உள்ளே வருகிறது, என் கழுத்தில் படுகிறது, மார்ச் மாதத்து ஈரப்பனியின் வாடை கூட அதில் இருக்கிறது, ஆனால் சுவரில் சாய்வாகப் பதித்த கண்ணாடிக் குழாயில் அந்தச் சிவப்புத் திரவம் அடியிலேயே படுத்துக் கிடக்கிறது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அழுத்தம் கூடின இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் காற்று போகும். அதனால் குண்டோ விஷப்புகையோ வரும் நாளில், பூமிக்கடியில் இருக்கும் இந்தக் கான்கிரீட் அறையில் அழுத்தத்தைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும், விரிசல் எங்கே இருந்தாலும் நம் காற்று வெளியே போகுமே தவிர வெளிக்காற்று உள்ளே வராது. அந்தக் கொஞ்சத்தைக் காட்டத்தான் இந்தக் குழாய். ஐந்தாவது கோட்டுக்கு ஏறினால் நிம்மதி. ஏறாவிட்டால் என்ன அர்த்தம்? ஓட்டை விழுந்த சைக்கிள் டியூபுக்கு நான் காற்றடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். மணி மூன்று இருபது. நான்கு மணிக்கு ரைமோ வந்து சாவியை வாங்கிக்கொள்வார்.

கதவின் உட்புறம் பிளாஸ்டிக் உறைக்குள் அந்த அட்டை தொங்குகிறது, நான் அதைப் பார்க்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. வருடத்துக்கு ஒரு வரி. தேதி, சோதனை முடிவு, கையெழுத்து. 2018, ஒழுங்கு, எல்விரா புக்கோனென். 2019, ஒழுங்கு, அதே பெயர். அந்த இரண்டும் உண்மை. 2020, ஒழுங்கு. 2021, ஒழுங்கு. இந்த இரண்டையும் போன அக்டோபரில் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரே காபி ஆறுவதற்குள் எழுதினேன், ஒன்றை நீலப் பேனாவால், மற்றதைக் கறுப்புப் பேனாவால். ஏன் இரண்டு பேனா? அதை யோசித்துச் செய்த அளவுக்கு, கீழே இறங்கி வந்து மூன்று நிமிடம் கைப்பிடி சுற்ற வேண்டும் என்று யோசிக்கவில்லையே. காரணம் இருந்தது, கொரோனா. காற்றோட்டம் இல்லாத அடித்தளத்துக்கு யாரும் போக வேண்டாம் என்று மாடிப்படி அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டியவளே நான்தான். அதே காரணத்தைச் சொல்லி நானும் போகவில்லை. தடுப்பூசி இரண்டு போட்ட பிறகும் போகவில்லை, அதற்குப் பெயர் பயம் இல்லை, சோம்பல்.

அந்த இரண்டு வருடம் இந்தக் கட்டடத்தில் என் பேச்சுக்குத் தனி மரியாதை இருந்தது, அதை மறுக்க முடியாது. காகித ஆலையில் இருபத்தாறு வருடம் காற்றுக் குழாய்களோடு வாழ்ந்தவள், முகக்கவசத்தில் துணியை விட மூக்கோரத்து இடைவெளிதான் முக்கியம் என்று விளக்கினேன், படிக்கட்டு ஜன்னலை எந்த மாடியில் எவ்வளவு திறந்தால் காற்று எப்படிச் சுழலும் என்று படம் வரைந்து காட்டினேன், எல்விரா சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றார்கள். நான் எங்கிருந்து வந்தவள் என்று யாருக்கும் அப்போது ஞாபகம் இல்லை. மறைத்ததும் இல்லை. 1992இல் ரஷ்யாவின் பெட்ரோசவோட்ஸ்கிலிருந்து எல்லை தாண்டி ஃபின்லாந்தின் இந்த இமாட்ராவுக்கு வந்தேன், அப்பா வழியில் ஃபின்னிஷ் ரத்தம் என்பதால் திரும்பி வரலாம் என்று அரசாங்கம் சொன்னது, நான் எப்போதும் இருந்திராத ஓர் இடத்துக்குத் திரும்பி வந்தேன். அங்கே எங்களை ஃபின்காரி என்றார்கள். இங்கே ரஷ்யாக்காரி என்றார்கள். முப்பது வருடத்தில் அது தேய்ந்து தேய்ந்து, மூன்றாம் மாடி எல்விரா என்றாகியிருந்தது. ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்த பிப்ரவரி இருபத்து நான்காம் தேதி வரைக்கும்.

இன்று காலையில் கூட எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். கட்டடத்தார் சேர்ந்து பாதுகாப்பறையைக் காலி செய்யும் நாள், கட்டளை வந்தால் எழுபத்திரண்டு மணி நேரத்தில் காலி செய்ய வேண்டும் என்பது சட்டம், ஐம்பது வருடமாக யாரும் அதைச் சட்டை செய்ததில்லை. பனிச்சறுக்குக் கட்டை, உடைந்த சைக்கிள், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் என்று வீட்டுக்கு வீடு கம்பி வலைக்கூண்டில் அடைத்து வைத்திருந்தோம். ரைமோவின் கூண்டில் முப்பத்தாறு பொட்டலம் டாய்லெட் பேப்பர், 2020ஆம் வருட மார்ச் மாதத்துச் சரக்கு. "அப்போ பேப்பர், இப்போ அணுகுண்டுக்கு அயோடின் மாத்திரை, மனுஷன் மேலயும் கீழயும் ரெடியா இருக்கணும்ல?" என்றார், எல்லாரும் சிரித்தோம். முகக்கவசத்தைக் கழற்றலாம் என்று சொன்ன அதே வாரத்தில் விஷப்புகைக் கவசம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள் பார் என்று யாரோ சொன்னார்கள். ரைமோ இருபது வருடம் பஸ் ஓட்டியவர், அவருக்குப் போரே ஒரு வண்டிப் பிரச்சினைதான். "அவனுங்க லாரி சேத்துல மாட்டிக்கிட்டு நிக்குது, டயரப் பாத்தாலே தெரியுது, பராமரிப்பே இல்ல. இங்கெல்லாம் வர மாட்டானுங்க." கட்டடச் சங்கத் தலைவி தூயிரே, பள்ளி அலுவலகத்தில் வேலை, எதற்கும் பட்டியல் போடுகிறவள், "ரெண்டு மாசம் முன்னாடி நேட்டோன்னா எனக்குக் கொட்டாவி வரும், இப்போ ராத்திரி ரெண்டு மணிக்கு அதப் பத்திதான் படிக்கிறேன்" என்றாள். கொரோனா முடிந்தால் ரஷ்யாக்காரர்கள் சாமான் வாங்கத் திரும்பி வருவார்கள் என்று கடை முழுக்கப் புது அலமாரி அடித்து வைத்திருக்கிற ஒருவனைப் பற்றி ரைமோ ஆரம்பித்தார், பாதியில் என்னைப் பார்த்தார், "உன்னச் சொல்லல" என்றார். என்னைச் சொன்னதாக நான் நினைக்கவே இல்லை. அவர் சொல்லவில்லை என்று சொன்ன பிறகுதான் நினைத்தேன்.

பராமரிப்பே இல்லை என்று அவர் சொன்னபோது என் கையில் அட்டையின் உறை இருந்தது.

சாவி விஷயம் போன வாரம். தூயிரே என் வாசலுக்கே வந்தாள், உள்ளே வா என்றேன், பரவாயில்லை என்று மிதியடியிலேயே நின்றாள், கொரோனா காலத்துப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன், அப்படியும் இருக்கலாம். "எல்விரா, இவ்ளோ வருஷமா நீயே பாத்துக்கிட்ட, கொஞ்சம் ஓய்வு எடு. சாவி ரைமோகிட்ட இருக்கட்டும். இது உன்னப் பத்தின விஷயமே இல்ல." உன்னைப் பற்றியது இல்லை என்று மூன்று தடவை சொன்னாள். ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் நம்பியிருப்பேன். சரி என்றேன். ஒப்படைப்பதற்கு முன்னால் ஒருமுறை எல்லாவற்றையும் சோதித்துவிட்டுத் தருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. எதற்காகச் சொன்னேன்? எந்திரத்தைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியும் என்று கடைசியாக ஒருமுறை காட்டவா?

இங்கே இப்படி. அங்கே என் அக்கா தமாரா, ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்கிறாள், கொரோனாவுக்காக எல்லையை மூடியதிலிருந்து இரண்டு வருடமாக முகம் பார்க்கவில்லை, இந்த ஈஸ்டருக்கு நிச்சயம் வருகிறேன் என்றிருந்தேன். "எல்யா, உங்களுக்கெல்லாம் அங்க பொய்யா சொல்லிக் குடுக்கறாங்க. போரே இல்ல அது. உன்ன யாரு தாக்கப்போறா, நானா?" என்கிறாள். நான் பதில் சொல்ல ஆரம்பித்தால் மூச்சை இழுத்து விடுகிறாள், அந்தச் சத்தம் அம்மாவுடையது. அதனால் இப்போது தக்காளி நாற்று பற்றி மட்டும் பேசுகிறோம். அவளுடையது இரண்டு விரல் உயரம் வந்துவிட்டது, என்னுடையது இன்னும் முளைக்கவில்லை. நான் குண்டுக்குப் பயந்து ஓர் அறையைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. அந்தக் குண்டு வந்தால் எந்தத் திசையிலிருந்து வரும் என்று இருவருக்குமே தெரியும்.

சரி, காகிதம். ரைமோவின் பொட்டலம் ஒன்றைப் பிரித்து ஒரு முழம் கிழித்துக்கொண்டேன், இதை விட நல்ல கருவி கிடையாது, புகை கூட இவ்வளவு தெளிவாகக் காட்டாது. மோட்டாரை ஓடவிட்டு, எஃகுக் கதவை இழுத்து இரண்டு நெம்புகோலையும் கீழே தள்ளிப் பூட்டி, காகிதத்தை விளிம்போரம் பிடித்தபடி மெல்ல நகர்த்த வேண்டும். மேல்விளிம்பு, அசைவில்லை. பூட்டுப் பக்கம், அசைவில்லை. கீல் பக்கம் இடுப்பு உயரத்தில் வந்ததும் காகிதம் துள்ளிப் போய்க் கதவிடுக்கில் ஒட்டிக்கொண்டது. இங்கேதான். கதவைத் திறந்து விரலால் தடவினேன், ரப்பர் பட்டை காய்ந்த ரொட்டி ஓரம் போல உதிர்ந்தது, ஒரு கை நீளத்துக்கு. இது இரண்டு வருடத்து வேலைதான், 2019இல் இது மெத்தென்று இருந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இடையில் ஒருமுறை பார்த்து எண்ணெய் தடவியிருந்தால் இன்னும் பத்து வருடம் ஓடியிருக்கும். புதுப் பட்டை வாங்கலாம்தான், ஆனால் நாடு முழுவதும் இப்போது இதே பட்டையைத்தான் தேடுகிறது, வர மாதங்கள் ஆகும். காலையில் இரண்டாம் மாடி நூரா, நான்கு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இந்த வாசலில் நின்று கேட்டாள், "உள்ள எவ்ளோ நேரம் இவன் மூச்சு விடலாம்?" எந்திரம் சுத்தற வரைக்கும் என்றேன். "கதவு நல்லா மூடுமா?" மூடும் என்றேன். என்ன பெருமையாகச் சொன்னேன்.

சொல்லிவிட வேண்டியதுதான். அது தெரிகிறது. ஆனால் என்ன சொல்வது? இதே தப்பைத் தூயிரே செய்திருந்தால் சோம்பேறி என்பார்கள், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், மூன்றாம் நாள் கேலி செய்வார்கள். நான் செய்தால்? எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டரில் ஒரு பாதுகாப்பறை, சாவி ஒரு ரஷ்யாக்காரியிடம், பொய்க் கையெழுத்து, கிழிந்த ரப்பர். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நானே கோத்துப் பார்க்கும்போது எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. சொல்லாமல் விட்டால் ரைமோவுக்கு இந்தக் குழாய் எதற்கென்றே தெரியாது, யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, அந்த ஒரு நாள் வரும் வரை. ஒருவேளை அந்த நாள் வராமலே போகலாம். ஐம்பது வருடமாக வரவில்லையே.

"இன்னும் இங்கதான் இருக்கியா? மேல முத்தத்துல சுட்ட சாசேஜ் எல்லாம் தீந்து போச்சு, உனக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்." ரைமோ. காகிதத் தட்டில் கடுகுச் சாந்தோடு ஒரு சாசேஜ், பாதி ஆறிப்போனது. பிரித்த பொட்டலத்தைப் பார்த்தார். "அது என்னோடதாச்சே?" ஒரு தடவையாவது உபயோகப்பட்டுச்சே என்றேன், சிரித்தார், கைப்பிடியைப் பிடித்து நாலு சுற்று சுற்றினார், "பழைய பஸ்ஸ ஸ்டார்ட் பண்ற மாதிரி இருக்கு" என்று குழந்தை போலச் சந்தோஷப்பட்டார். பிறகு, "இந்தச் சிவப்பு என்ன, அசையவே மாட்டேங்குது?" என்றார். பஸ் ஓட்டினவர், மீட்டர் முள்ளைப் பார்க்காமல் இருப்பாரா, அதை நான் எப்படி மறந்தேன். நான் கதவைச் சாத்தி, மோட்டாரைப் போட்டு, காகிதத்தைக் கீல் பக்கம் பிடித்தேன். துள்ளியது. அவர் கதவைத் திறந்து ரப்பரைத் தடவினார், விரலில் ஒட்டிய கறுப்புத் துகளைப் பார்த்தார், கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அட்டையைப் படித்தார். வெகுநேரம் படித்தார். நான்கு வரிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

"ரெண்டு பேனா" என்றார்.

ஆமாம் என்றேன்.

அவர் அட்டையை உறையிலிருந்து உருவி என் கையில் வைத்தார். "இத எடுத்துட்டுப் போயிடு. தொலைஞ்சு போச்சுன்னு நான் சொல்லிக்கறேன். ரப்பர் போச்சுன்னு நான் பாத்ததா இருக்கட்டும். நீ சொன்னா வேற மாதிரி ஆயிடும்." குரலில் கனிவுதான், சந்தேகமே இல்லை, சாசேஜ் எடுத்து வைத்த அதே கனிவு. ஆனால் எவ்வளவு சீக்கிரம் சொன்னார். நான் இங்கே நாற்பது நிமிடம் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்த இடத்துக்கு அவர் மூச்சு விடும் நேரத்தில் வந்துவிட்டார். அப்படியென்றால் அந்த வழி அவருக்கு ஏற்கனவே தெரிந்த வழியா? வேற மாதிரி என்று அவர்கள் இதற்கு முன்பே எங்கேயோ பேசியிருக்கிறார்களா, இல்லை பேசாமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறதா... இதை எடுத்துக்கொண்டு போய்விட்டால் எனக்கு ஒரு தீங்கும் வராது. ஆனால் அப்புறம் நான் வெறும் சோம்பேறியாகவும் இருக்க முடியாது, ரைமோ காப்பாற்றிய ஒருத்தியாகத்தான் இருப்பேன், இனி எப்போதும்.

எஃகுக் கதவை அகலத் திறந்து தூயிரே எட்டிப் பார்த்தாள், கையில் பட்டியல், காதோரத்தில் பேனா. "எல்லாம் சரியா இருக்கா?" ரைமோ வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன், இல்லை, அழுத்தம் நிற்கவில்லை, கீல் பக்கம் ரப்பர் போய்விட்டது, இரண்டு வருடமாக நான் கீழே வந்து பார்க்கவே இல்லை, பார்த்ததாகக் கையெழுத்து மட்டும் போட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லி அட்டையையும் சாவியையும் சேர்த்து நீட்டினேன். காற்றோட்டம் விளக்கும் அதே குரல்தான். தூயிரே அட்டையை வாங்கிக்கொண்டாள், ஆனால் அதைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, ரைமோவைப் பார்த்தாள். நான் சொன்னது அவ்வளவுதானா என்று அவரிடம் கேட்கிற பார்வை. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, காகிதம் தரையில் கிடந்தது, அப்போதுதான் கவனித்தேன், நானும் ரைமோவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என்ன சொல்லப் போகிறார் என்று.