உரைகல்லில் வசம்பு

வயதாகிச் சிவந்துபோன விண்மீன் மண்டலங்களில் புதிதாக விண்மீன் ஏதும் பிறந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் கோகிலாவின் வேலை. சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாம் ஓய்ந்துபோன கிழட்டுக் கூட்டமாகத்தான் தெரியும். புற ஊதாவில் பார்த்தால் ஏதோ ஒரு மூலை லேசாக மினுங்கும். அதைக் கண்டு துள்ளிவிடக் கூடாது. சில கிழட்டு விண்மீன்களும் அதே ஒளியைக் கக்கும். முதலில் அவற்றின் பங்கைக் கழிக்க வேண்டும், மிச்சம் இருந்தால்தான் பிறப்பைப் பற்றிப் பேச்சு. அந்தப் பழக்கம் அவளுக்கு ஊறிப்போயிருந்தது.

சிலி நாட்டுத் தொலைநோக்கி நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. சம்மதம் சொல்ல இன்றுதான் கடைசி நாள். அம்மா செத்தபின் கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில், மிளகுக் கொடிகளோடு ஒண்டியாகக் கிடக்கும் அப்பா சின்னுசாமியை விட்டு எப்படிப் போவது? லீவில் வந்தவள் இதே யோசனையில், திரும்பிப் போக வேண்டிய காலை பஸ்ஸை விட்டுவிட்டாள். விடியுமுன் தோட்டத்துக்குப் போன அப்பாவுக்கு அது தெரியாது.

தண்ணீர் மொள்ளப் போனபோது அடுப்படியில் உரைகல்லைப் பார்த்தாள். சுட்ட வசம்பை உரைத்த கறை, வாசம்கூடப் போகவில்லை. கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுப்பது அது. இந்த வீட்டில் ஏது கைக்குழந்தை? உடனே தொழில் புத்தி முந்திக்கொண்டது. வயிற்று உப்புசத்துக்கு வயசானவர்களும் வசம்பு சாப்பிடுவார்கள். கழித்தாள், மிச்சம் ஒன்றுமில்லை. வயிற்று வலியைக்கூட மறைக்கிறாரே என்று அழுகை வந்தது. அந்த அழுகையோடே போனை எடுத்து, வர இயலாது என்று சிலிக்கு எழுதி அனுப்பினாள். படித்த மடச்சி.

மத்தியானப் பஸ்ஸில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். நேரே வீட்டுக்குள் நுழைந்தவள் கோகிலாவைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"அடிவாரத்துக் காரவள்ளிச் சுமதிங்க. நீங்க காலையிலயே போயிருப்பீங்கன்னு அவரு சொன்னாருங்க."

குழந்தைக்கு அச்சு அசல் அப்பாவின் மூக்கு.

தோட்டத்திலிருந்து வந்த சின்னுசாமி தலையைத் தொங்கப்போட்டார். "கோயில்ல தாலி கட்டி வருசத்துக்கு மேல ஆச்சு சாமி. உம் மூஞ்சியப் பாத்துச் சொல்லத் தெம்பில்ல. நீ வெளிநாடு போயிட்டீன்னா போன்ல சொல்லிக்கலாம்னு காத்துட்டு இருந்தேன்."

"நான் போகலீங்கப்பா. நீங்க தனியா இருக்கீங்கன்னு, வேண்டாம்னு எழுதிட்டேன்."

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் மேலா, தன் மேலா என்றுதான் தெரியவில்லை. குழந்தை வீறிட்டது.

"வயித்து வலிங்க," என்றாள் சுமதி தயங்கி. "அந்தக் கல்ல கொஞ்சம் எடுத்துக் குடுக்கறீங்களா?"

கோகிலா எடுத்துக் கொடுத்தாள்.