நூறு சதவீதம்

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அன்று லியூபிங்காவிடம், இனிமேல் இருநூறில் வைத்துப் பாருங்கள் என்று நான் சொன்னதாகச் சில நாட்களில் தோன்றுகிறது. அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னதாக. வருடம் போகப்போக அந்தக் காட்சி மட்டும் துலங்கிக்கொண்டே வருகிறது. அந்த வருடத்தின் மற்ற நாட்கள் எல்லாம் மங்கிக்கொண்டு போகின்றன. அதனாலேயே நான் அதை நம்புவதில்லை.

செர்பியாவின் நோவி சாத் நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் ராட்கோவின் அச்சுக்கூடம் இருந்தது. அருங்காட்சியகங்களுக்குப் படப்புத்தகங்கள் செய்துகொடுத்தோம். பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்யும்போது கூடவே வந்துவிடும் தூசி, முடி, கீறல் எல்லாவற்றையும் கணினியில் துடைத்தெடுப்பது லியூபிங்காவின் வேலை. அவர் அங்கே முப்பத்தோரு வருடம். நான் இரண்டு வருடம் வேலையில்லாமல் வீட்டில் இருந்துவிட்டு, கணினிகளைப் பார்த்துக்கொள்ள அப்போதுதான் சேர்ந்து எட்டு மாதம். அந்தக் கூடத்தில் ஒரே ஒரு விதிதான் உண்டு: எந்தப் படத்தையும் நூறு சதவீதத்தில் வைத்து மூலைக்கு மூலை பார்த்த பிறகுதான் அந்தப் படத்துக்கான சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நூறு சதவீதம் என்றால் படத்தின் ஒரு புள்ளிக்குத் திரையின் ஒரு புள்ளி. லியூபிங்கா இடது மேல் மூலையில் தொடங்கி, புல் அறுப்பவரைப் போலப் பட்டை பட்டையாக இறங்குவார். நூறுக்கான இரண்டு விசைகளை அவர் விரல்கள் பார்க்காமலே அழுத்தும்.

புதிய திரைகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஏதோ கண்காட்சியில் பார்த்த மிகப் பெரிய எட்டு-கே திரைதான் வேண்டும் என்றார் ராட்கோ. மூன்று வாரம் படித்துவிட்டு, இருபத்தேழு அங்குலத்தில் ஐந்து-கே போதும் என்று நான் வாதாடினேன். பழைய திரையின் அதே அளவு, ஆனால் ஒரு புள்ளி இருந்த இடத்தில் நான்கு. எழுத்துகள் அதே அளவில், சரியாக இரு மடங்கு புள்ளிகளில் வரும், ஓரங்கள் கலங்காது. நான் பேசுவதை ஒருவர் முழுதாகக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. ராட்கோ கேட்டார். மூன்று திரைகளுக்குச் சொல்லி அனுப்பினார்.

முதலில் வந்த கேபிள் சரியில்லை. சுட்டி தேனில் நீந்துவதைப் போல இழுத்து இழுத்து நகர்ந்தது. கேபிளை மாற்றினேன். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாதபடி மேசைகளைத் திருப்பிப் போட்டேன், சாம்பல் நிறத் திரைச்சீலை மாட்டினேன், திரைமேல் அளவுகருவியைத் தொங்கவிட்டு நிறங்களைச் சரிபார்த்தேன். புதிதாக எது வந்தாலும் அது யார் மேசைக்கு வந்ததோ அவர் எல்லாருக்கும் தீனி வாங்கித்தர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். லியூபிங்கா ஒரு தட்டு நிறைய, அடுக்கு மாவில் சுட்ட புரெக்கும் தயிரும் கொண்டுவந்தார். எண்ணெய் சொட்டும் விரலோடு ராட்கோ திரையை நோக்கிக் கையை நீட்டினார்.

"முதலாளி, தொட்டீங்க, விரலை ஒடிச்சிருவேன்" என்றார் லியூபிங்கா.

ராட்கோ சிரித்துக்கொண்டே கையைப் பின்னுக்கு இழுத்தார். திரையில் இருந்த படத்தை வெகுநேரம் பார்த்தார். "பாத்தியா, காசைக் கொட்டினா தூசியே ஓடிப்போயிடுது."

உண்மையிலேயே எல்லாப் படங்களும் சுத்தமாகத் தெரிந்தன. அதைக் கேட்ட கணத்தில்தான் எனக்கு உறைத்தது. புள்ளிகள் பாதியாகச் சிறுத்ததால் தூசியும் பாதியாகச் சிறுத்திருந்தது. தூசி படத்தில் அப்படியேதான் இருந்தது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து லியூபிங்கா என்னைக் கூப்பிட்டார். "மகனே, நூறுலதான் வச்சிருக்கேன். ஒன்பது பட்டை ஓடுற படம் அஞ்சுலயே முடிஞ்சிடுது. ஏதோ சின்னதாத் தெரியுதேப்பா."

இருநூறில் வைத்தால் அவர் பழைய திரையில் கண்ட அதே படத்தை, அதே அளவில்தான் காண்பார். அப்படியானால் இத்தனை செலவு எதற்கு என்று ராட்கோ கேட்பார். பின்னறையில் அவர் யாரிடமோ தொலைபேசியில் புதுத் திரைகளைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"திரை புதுசுல்ல. பழகிடும்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அந்தச் சமயம் கையில் இருந்தது ஒரு சிறு நகரத்து அருங்காட்சியகத்தின் புத்தகம், நூறு வருடத்துக்கு முந்தைய கண்ணாடித் தகட்டுப் படங்கள், இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் நூறில் பார்த்து, ஒவ்வொரு சீட்டிலும் கையெழுத்துப் போட்டார். நான் என் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு ஒருமுறையாவது எழுந்து போக வேண்டும் என்று நினைப்பேன். ஆறு வாரம் நினைத்தேன்.

அச்சான புத்தகத்தை அருங்காட்சியகத்து அம்மாள் எங்கள் மேசைமேல் விரித்துவைத்தார். ஒரு மணப்பெண். உதட்டுக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு முடி. அடுத்த பக்கத்தில் ஒரு குழந்தையின் நெற்றியில் பொரிபொரியாகத் தூசி. அந்த அம்மாள் கோபப்படவில்லை, பக்கங்களை மட்டும் புரட்டிக்கொண்டே போனார். ராட்கோ அந்தப் படங்களின் சீட்டுகளை எடுத்துவந்து லியூபிங்காவிடம் நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"என்னோடதுதான்."

"நூறுல பாத்தீங்களா?"

"பாத்தேன்." லியூபிங்கா மணப்பெண்ணின் மேல் குனிந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குற்றம்சாட்டும் பார்வையாக இருந்திருந்தால் நான் பேசியிருப்பேனோ என்னவோ. அவர் என்னிடம் கேட்டது வேறு. "நீ சொல்லு, உனக்கு இது தெரியுதா?"

"தெரியுது" என்றேன்.

ராட்கோ அந்த அம்மாளிடம் மெல்லிய குரலில் விளக்கினார்: இவருக்கு வயசாகிறது, கண் முன்னைப்போல இல்லை, தன்னுடைய கவனக்குறைவுதான், முன்பே கவனித்திருக்க வேண்டும். லியூபிங்கா அங்கேயேதான் நின்றிருந்தார். மறுநாள் கண் மருத்துவரிடம் போனார். கண்ணில் கோளாறு இல்லை என்று எழுதித்தந்த காகிதத்தோடு வந்தார். அதை ராட்கோவிடம் காட்டவில்லை, என் மேசையில்தான் வைத்தார்.

"டாக்டர் சின்னப் பையன்" என்றார். "அவனுக்கு என்ன தெரியும். இந்தக் கண்ணு ஒண்ணைத்தாம்ப்பா நான் நம்பிட்டிருந்தேன்."

அந்த வார இறுதியில் அவர் தன் கோப்பையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு போனார். போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

அவர் இடத்துக்கு ஒரு இளம்பெண் வந்தபோது, எல்லாத் திரைகளின் ஓரத்திலும் நான் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டினேன்: இருநூறு சதவீதத்தில் பார்க்கவும். ராட்கோ அதன் முன் நின்று இரண்டு முறை படித்தார். அவர் முட்டாள் அல்ல.

"இது எப்போலேர்ந்து உனக்குத் தெரியும்?"

நான் சீட்டின் கிளம்பியிருந்த ஓரத்தை அழுத்தி ஒட்டினேன். அவர் பின்னறைக் கதவு வரை நடந்து போய்த் திரும்பினார்.

"மியூசியத்து அம்மாகிட்ட கண்ணுதான் காரணம்னு சொல்லியாச்சு" என்றார். "இப்ப எதுக்கு." சீட்டைக் கிழிக்காமல் போனார். அதன் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ராட்கோ அச்சுக்கூடத்தை ஊருக்கு வெளியே பெரிய கட்டடத்துக்கு மாற்றினார், நன்றாக நடக்கிறது. அந்த இளம்பெண் திருமணமாகிச் சுபோட்டிட்சாவுக்குப் போய்விட்டாள். அருங்காட்சியகத்தில் புத்தகத்தை அப்படியே விற்கிறார்கள், பழைய படம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள் போலும். நான் தலைமைத் தொழில்நுட்பர். லியூபிங்கா தன் தங்கையோடு சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிறார். கட்டியைத் தராசில் வைத்துவிட்டு, எண் தெரியும் பக்கத்தை வாங்குகிறவரிடம் திருப்பி, எவ்வளவு என்று அவரையே படித்துச் சொல்லச் சொல்கிறார்.