போன் வராத சாம்பிள்

எங்கள் ஆஸ்பத்திரி லேபில் எல்லா ரத்தமும் அவசரம்தான். நிஜமாகவே அவசரமானதற்கு மட்டும் டியூபில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று விதி. ஒரு வார்டில் சும்மா ஒட்டிப் பார்த்தார்கள். ரிசல்ட் சீக்கிரம் கிடைத்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? கொழுப்பு டெஸ்டுக்குக்கூடச் சிவப்பு. காலை பத்து மணிக்கு என் தட்டைப் பார்த்தால் தக்காளிக் கூடை மாதிரி இருக்கும்.

அதனால் ஸ்டிக்கரைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். யார் போன் பண்ணுகிறாரோ அவருக்கு முதலில். கத்தினால் அதற்கும் முன்னால். இதைப் பெரிய சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் அக்கா அங்கேயே குழந்தைகள் வார்டில் நர்ஸ். ஒருநாளும் எனக்குப் போன் பண்ண மாட்டாள். தம்பியிடம் சலுகை வாங்குகிறாள் என்று பேர் வந்துவிடுமோ என்கிற பயம், அவ்வளவுதான் என்று நானே முடிவுகட்டியிருந்தேன். நானும் லேசுப்பட்டவனா? நாலு பேர் வாயில் விழக் கூடாது என்று அவள் வார்டு சாம்பிளைக் கடைசியில்தான் எடுப்பேன். வீட்டு ஆள்தானே, கோபித்துக்கொள்ளவா போகிறாள்?

அந்தத் திங்கட்கிழமை பெரிய டாக்டர் மூன்று முறை போன் பண்ணினார். "என்னப்பா, அங்க தூங்குறியா?" அவருக்குத் தெரிந்தவரின் வருடாந்தர செக்கப். அந்த மனிதர் வெளியே சோபாவில் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதை முடித்தேன். எலும்பு வார்டிலிருந்து கத்தினார்கள். அதையும் முடித்தேன்.

அக்கா அனுப்பிய டியூப் ஒன்றேகால் மணி நேரம் தட்டில் கிடந்தது. மூன்று வயதுப் பெண் குழந்தை, இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. மெஷினில் வந்த எண்ணைப் பார்த்தேன். இதயம் துடிக்கத் தேவையான பொட்டாசியம் பாதிகூட இல்லை. வார்டுக்கு நான் போன் பண்ணினேன். வேறொரு நர்ஸ் எடுத்தாள்.

"உங்க அக்கா இப்ப பேச முடியாதுங்க. குழந்தைக்கு நெஞ்சை அமுக்கிட்டு இருக்காங்க."

குழந்தை பிழைக்கவில்லை.

மதியம் ரிப்போர்ட்டை வாங்க அக்காவே வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டுக்கா. ரெண்டு அறையாவது குடு."

"வேற யாராவது டூட்டியில இருந்தா நானும் போன் பண்ணி உயிரை எடுத்திருப்பேன்டா" என்றாள். "நீ இருக்கிற அன்னிக்கு மட்டும்தான் பண்ண மாட்டேன். குழந்தையோட அம்மா, லேபுக்குக் கேளுங்க சிஸ்டர், கேளுங்க சிஸ்டர்னு கையைப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சினாங்க. அங்க என் தம்பி இருக்கான், நீங்க பயப்படாதீங்கன்னு சொன்னேன்."

எனக்கு அழுகை வந்தது.

"வார்டு வாசல்லயே உக்காந்திருக்காங்க. ஏன் லேட்டாச்சுன்னு கேக்கிறாங்கடா. நான் என்ன சொல்லட்டும்?"

ரிப்போர்ட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "நீ ஒண்ணும் சொல்லாத. நான் வர்றேன்" என்று எழுந்தேன்.